லோரிக் கதவில் யார் பெயர்?

என்னங்க,

நலமா என்று கேட்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. கேட்டுவிட்டேன், நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். இங்கே நானும் நம் பிள்ளை தேவனும் இருக்கிறோம். கல்யாண வீடுகளுக்கு மேசை நாற்காலி வாடகைக்குக் கொடுக்கும் நம் தொழிலும் எப்படியோ நடக்கிறது. உங்கள் லோரியும் இருக்கிறது. அதற்குத்தான் சாவே வரமாட்டேன் என்கிறது.

போன வாரம் பினாங்குப் பாலத்தின் நடுவில் கொதித்து நின்றுவிட்டது. பின்னால் நாற்காலிகள், கூடாரக் கம்பிகள்; அக்கரையில் கல்யாண வீட்டார் போன்மேல் போன் போடுகிறார்கள். இருக்கைக்குப் பின்னால் நீங்கள் வைத்த தண்ணீர்க் குப்பியை எடுத்துக்கொண்டு இறங்கி, சூடு தணியும்வரை வெயிலில் நின்றேன். ஹாரன் அடித்துக்கொண்டு போனவர்கள் என்னைத் திட்டினார்கள். நான் உங்களைத் திட்டினேன். கேட்டதா?

ஜுருவில் ஆ செங் பட்டறைக்கு இழுத்துப் போனோம். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, தலையை ஆட்டினார். பிறகு உடைத்து விற்கும் கடையிலிருந்து வேறொரு லோரியின் ரேடியேட்டரைத் தேடிப் பிடித்து மாட்டிவிட்டார். இரண்டாம் கியரை மட்டும் கேட்காதீர்கள். அது இன்னும் விழுவதில்லை. முதலிலிருந்து நேரே மூன்றுக்குத் தாவித்தான் ஓட்டுகிறேன். அடுத்த மாதம் செய்துவிடலாம் என்று எத்தனை வருஷம் சொன்னீர்கள்?

புருஷன் நினைவாக லோரியை வைத்திருக்கிறாள் என்று கோயிலில் பெண்கள் பேசிக்கொள்கிறார்களாம். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. இடுப்பு ஒடிகிறவளுக்கு நினைவு என்ன, ஞாபகம் என்ன? புது லோரி வாங்கினால் மாதா மாதம் தவணை கட்ட வேண்டும். எனக்கு இனிமேல் யாருக்கும் தவணை கட்டத் தெம்பில்லை. இந்தக் கிழத்தின் நோயெல்லாம் எனக்குத் தெரியும். புதியது என்ன நோயோடு வருமோ, யார் கண்டது. அவ்வளவுதான் காரணம் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

தேவன்தான் விடுவதில்லை. பாயான் பாருவில் தொழிற்சாலை வேலை முடிந்து வந்ததும் கைப்பேசியில் புது லோரிப் படங்களைக் காட்டுவான். ஏர்கோன் இருக்கிறது, கியரே போட வேண்டாம், இரும்பைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம் என்பான். கோபத்தில் பேசவில்லை, என் இடுப்பை நினைத்துப் பேசுகிறான். அதனால்தான் என்னால் சண்டையும் போட முடியவில்லை.

இதற்கிடையில் பெர்மிட் புதுப்பிக்கும் நாள் வந்தது. கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். இறந்தவர் பெயரில் லோரி ஓடக் கூடாதாம். உயிரோடு இருக்கிற ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். கதவிலும் அந்தப் பெயரையே எழுதிச் சோதனைக்குக் கொண்டுவர வேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, லோரியின் கதவை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். ராமலிங்கம் ஏ/எல் பெருமாள். பெருமாள் மகன் ராமலிங்கம். மழையிலும் வெயிலிலும் வெளுத்துப்போய், ஆனாலும் படிக்க முடிகிறது.

சனிக்கிழமை தேவனையும் கூட்டிக்கொண்டு ஜுருவுக்குப் போனேன். ஆ செங் பட்டறைக்கு அடுத்து ஒரு பாய் லோரிகளுக்குப் பெயர் எழுதுகிறார். அடையாளத்துக்கு என் ஐசி அட்டையை வாங்கிப் பார்த்தார். உங்கள் பெயருக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில், அளவு பார்ப்பதற்காகச் சுண்ணாம்புக் கட்டியால் என் பெயரை எழுதினார். செல்வி ஏ/பி கோவிந்தசாமி.

கோவிந்தசாமி! எங்கள் அப்பா! லோரிக்காரனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றவர். பேரன் பிறந்த பிறகும், கொட்டுகிற மழையில்கூட இந்த லோரியில் ஏறாமல் பஸ்ஸுக்குக் காத்துக்கிடந்தவர். கல்யாணமாகி எத்தனை வருஷம் குடும்பம் நடத்தினாலும் இந்த நாட்டில் ஐசியில் நான் அவர் மகள்தான். நீங்கள் எங்கேயுமே இல்லை. கடைசியில் உங்கள் லோரிக் கதவில் உங்களை அழித்துவிட்டு அவர் ஏறி உட்காரப்போகிறார். நீங்கள் இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்தேன்.

பாய் தின்னரில் துணியை நனைத்து, பழைய பெயரை எடுத்துடவா என்று கேட்டார். எடுங்கள் என்ற ஒரு சொல். அதைச் சொல்ல முடியாமல், நடு ரோட்டில் அழுதுவிட்டேன். நினைவும் இல்லை ஞாபகமும் இல்லை என்று வீறாப்புப் பேசியவள்தான்.

தேவன் கதவில் இருந்த இரண்டு பெயர்களையும் படித்தான். பிறகு பாயின் கையிலிருந்து துணியை வாங்கி, சுண்ணாம்பில் எழுதிய என் பெயரைத் துடைத்தான்.

"அம்மா, லோரிய என் பேருக்கு மாத்துங்க லா. எனக்குப் பின்னால அப்பா பேருதானே வரும்."

"நீதானேடா புதுசு வாங்கணும்னு நின்ன?"

"வாங்கும்போது வாங்கலாம். இது ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

தேவன் ஏ/எல் ராமலிங்கம். பாய் புதிதாக அளவெடுத்து எழுதிக் காட்டினார். நீங்கள் முன்னால் இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். வண்டியைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்த மாதிரி.

வரும் வழியில் அவன்தான் ஓட்டினான். முதல் கியரிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது லோரி குலுங்கியது. அப்பா இதை எப்படித்தான் ஓட்டினாரோ என்று முனகினான். உங்களைப் பற்றி அவனாக வாய் திறந்து எத்தனை நாளாயிற்று! நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எனக்கு அலுத்துவிட்டதுங்க. உண்மையைச் சொல்கிறேன், ரொம்ப அலுத்துவிட்டது. இந்த லோரி என்றைக்காவது ஒரு நாள் பாலத்திலேயே படுத்துவிடும், அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உங்கள் திதிக்குள் அந்த இரண்டாம் கியரைச் செய்துவிடுவேன். அடுத்த மாதம் என்று சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
ஐசியில் கோவிந்தசாமியின் மகள்,
மற்ற எல்லா இடத்திலும் உங்கள் மனைவி,
செல்வி