பாதி ஓலை

1943 அக்டோபர் 5, செவ்வாய்

இன்றும் தெருவிளக்கு ஏற்றவில்லை. மண்ணெண்ணெய் இல்லையாம், சண்டை முடிகிறவரை இப்படித்தானாம். ரயிலடித் தெருவில் மூன்று கம்பங்கள். மூன்றிலும் காக்கை உட்காருகிறது. என் பங்கு மண்ணெண்ணெயை அரிக்கேன் விளக்குக்கென்று எடுத்து வைத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் சமைத்து முடித்துவிடுகிறேன். மருத்துவச்சி வீட்டில் விளக்கு இல்லாமல் ஆகாது. பகலில் பிறக்கக் கூடாது என்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கே ராத்திரியில் மூன்று தரம் கூப்பிட்டால்தான் கதவு திறப்பார்கள். பேய் இரண்டு தரத்தோடு நிறுத்திக்கொள்ளுமாம். கிறிஸ்தவ வேதக்காரி எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஏழு வருஷமாக நானும் மூன்றை எண்ணிக்கொண்டுதான் எழுந்திருக்கிறேன்.

அக்டோபர் 9, சனி

எழுதிவிட வேண்டும்.

நேற்று ராத்திரி ஒன்பது மணி இருக்கும். வாசலில் ஒருத்தன், “அம்மா, பிரசவம், சீக்கிரம் வாங்க.” மூன்று தரம் முறையாகத்தான் கூப்பிட்டான். என்னோடு வழக்கமாக வரும் ஆயா வீரம்மாள் விக்கிரமங்கலத்தில் மகள் வீட்டில் இருந்தாள். நான் தனியாகவே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். “குடுங்கம்மா, நான் புடிக்கிறேன்” என்று விளக்கை வாங்கி முன்னால் நடந்தான். கடைசிக் கம்பத்தைத் தாண்டியதும் விளக்கை ஊதி அணைத்தான். கழுத்தில் ஒரு கை. இடது காதில் சுரீரென்று ஒரு இழுப்பு. அவ்வளவுதான், ஓடிவிட்டான்.

காது மடல் கிழிந்துவிட்டது. டாக்டர் இரண்டு தையல் போட்டார். அம்மா போட்டுவிட்ட தோடு. ஒற்றைத் தோட்டை வைத்துக்கொண்டு அந்தப் பாவி என்ன செய்வான்? வலது காதுத் தோட்டை நானே கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன்.

போலீஸ்காரர் ஆள் எப்படி என்று கேட்டார். நெட்டை என்றேன். முகம்? பார்க்கவில்லை.

அக்டோபர் 11, திங்கள்

பயமாக இருக்கிறது. முப்பத்தாறு வயதில் இப்படி எழுத வெட்கமாகவும் இருக்கிறது.

அக்டோபர் 14, வியாழன்

பக்கத்து வீட்டு ராசாங்கம் அண்ணன் தெரு ஆண்களைக் கூட்டி வைத்துப் பேசினார். அவர் ரயில்வேயில் பார்சல் குமாஸ்தா. விசில் வைத்திருக்கிறார், அதனால் அவர்தான் தலைவர். தினம் ஐந்து பேர் தடியோடு சுற்றுவதாக ஏற்பாடு. “மேரியம்மா, நீங்க நிம்மதியாத் தூங்குங்க. ஒம்போது மணிக்கு மேல வெளக்கில்லாம இந்தத் தெருவுல எவன் கால வச்சாலும் கம்பத்துல கட்டிட்டுத்தான் மறுபேச்சு” என்றார்.

நான் கேட்டுத்தான் இதெல்லாம் நடக்கிறது. மறைப்பானேன்? நானே போய் அவர் வீட்டு வாசலில் நின்று அழுதேன். இன்று நிம்மதியாகத்தான் தூங்கப்போகிறேன்.

அக்டோபர் 22, வெள்ளி

நேற்று ராத்திரி பத்து மணிக்கு வாசலில், “அம்மா, பிரசவம், சீக்கிரம் வாங்கம்மா.” அதே வார்த்தைகள். நான் மூச்சே விடவில்லை. இரண்டாம் தரம் கூப்பிடுவதற்குள் விசில் சத்தம், ஓட்டம், அடி விழும் சத்தம்.

ராசாங்கம் அண்ணன் கதவைத் தட்டினார். திறந்தேன். நாலு பேர் ஒருத்தனைப் பிடித்திருந்தார்கள். கையில் விளக்கு இல்லை. வாயில் ரத்தம். டார்ச்சை அவன் முகத்தில் அடித்து, “நல்லாப் பாத்துச் சொல்லுங்க மேரியம்மா, இவன்தானே?” என்றார்.

நெட்டையாக இருந்தான்.

“அவன் மாதிரிதான் இருக்கு” என்றேன்.

முகமே பார்க்காதவள் எப்படிச் சொன்னேன்? என் வாய்தான் சொன்னது.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்க் கம்பத்தில் கட்டினார்கள். விடிந்ததும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவதாகப் பேச்சு. அவன் கத்திக்கொண்டே இருந்தான். கல்லங்குறிச்சி என்றான். பெண்சாதி பேர் தனம் என்றான். எண்ணெய் இல்லாததால் விளக்கில்லாமல் ஓடிவந்தேன் என்றான். திண்டாட்டத்தில் இருப்பவன் எல்லாம் சொல்லத்தான் செய்வான் என்று தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு படுத்திருந்தேன். தையல் போட்ட காதில் அழுத்தக்கூட முடியவில்லை. அந்தக் காது வழியாகத்தான் கேட்டது.

“காலு வந்துடுச்சும்மா. ஒத்தக் காலு. இடுப்பு வரலியேம்மா.”

வெளியே யாரோ சிரித்தார்கள்.

வலி எடுத்துவிட்டது என்று திருடன் சொல்வான். நேரமாச்சு என்று சொல்வான். ஒற்றைக் கால் வந்தது என்று எந்தத் திருடனுக்குச் சொல்லத் தெரியும்? அது பார்த்தவன் சொல்வது. எழுந்து மணி பார்த்தேன். பன்னிரண்டு அடிக்கக் கால் மணி. ஒன்றே முக்கால் மணி நேரம் அவனைக் கத்தவிட்டிருக்கிறேன்.

நானே போய்க் கட்டை அவிழ்த்தேன். யாரும் தடுக்கவில்லை. ராசாங்கம் அண்ணன் என் பையைத் தூக்கிக்கொண்டார். கல்லங்குறிச்சி வரை மூன்று பேரும் ஓட்டமும் நடையுமாகப் போனோம். அவன் பேர் கண்ணையன்.

தாய் பிழைத்தாள். ஆண் குழந்தை. நாங்கள் போகும்போதே உடல் வெளியே வந்து தலை மாட்டிக்கொண்டிருந்தது. எடுத்தேன். மூச்சு இல்லை. அரைமணி முன்னால் போயிருந்தால் இருந்திருக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். வேறு யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

நான் கை கழுவக் கண்ணையன் தண்ணீர் ஊற்றினான். கையில் கயிறு இறுக்கிய தடம் அப்படியே இருந்தது.

அக்டோபர் 24, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

அக்டோபர் 27, புதன்

“நாம என்னத்தக் கண்டோம் மேரியம்மா, இருட்டுல யாரு என்னன்னு தெரியுது?” என்றார் ராசாங்கம் அண்ணன். ஆறுதல் சொல்ல வந்தார், பாவம். அவர் முகமும் பேயறைந்த மாதிரிதான் இருக்கிறது. “டார்ச் இருந்துச்சே அண்ணே” என்றேன். எழுந்து போய்விட்டார். காவல் சுற்றுவதை நிறுத்திவிட்டார்கள்.

டிசம்பர் 3, வெள்ளி

திருடன் தா.பழூர்ச் சந்தையில் அகப்பட்டான். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். மேசையில் துணியை விரித்து நாலு ஒற்றைத் தோடுகள். என்னுடையதை எடுத்துக் காட்டினேன். அப்புறம் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தி, இவன்தானா என்றார்கள். குள்ளன். என் தோள் உயரம்தான் இருப்பான்.

“தெரியலைங்க. நான் முகம் பார்க்கலை” என்றேன்.

“அன்னிக்கு ஒருத்தனைப் பார்த்த மாத்திரத்துல சொன்னீங்களாமே?” என்றார் இன்ஸ்பெக்டர். அவர் கேட்டதில் தப்பு இல்லை.

1944 ஜனவரி 10, திங்கள்

இரண்டரை மாதமாக ராத்திரியில் ஒருவரும் கூப்பிட வரவில்லை. முதலில் எனக்கு உறைக்கவில்லை. வீரம்மாள்தான் இன்று உடைத்துச் சொன்னாள். “ஒங்களக் கூப்பிட வந்தா கம்பத்துல கட்டிப் போடுவாங்கன்னு சுத்துப்பட்டு பூரா பேச்சா இருக்கு. போன வாரம் ஏரிக்கரையில ஒரு புள்ளத்தாச்சி செத்துப் போச்சு. விடியட்டும்னு வச்சிருந்தாங்களாம்.”

தெருவில் இப்போது திருட்டுப் பயம் இல்லை. என் வீட்டு வாசல்தான் பயம்.

பிப்ரவரி 22, செவ்வாய்

நாளை விபூதிப் புதன். போன வருஷத்துக் குருத்தோலைகளைக் கோயிலில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எரித்த சாம்பலைத்தான் நாளைக்கு நெற்றியில் பூசுவார்கள். சிலுவைக்குப் பின்னால் செருகியிருந்த ஓலையை எடுத்தேன். காய்ந்து மொடமொடவென்று இருந்தது. கத்தரிக்கோலால் குறுக்கே கோணல்மாணலாக ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தேன். இரண்டு பாதியையும் சேர்த்தால் மயிரிழை பிசகாமல் பொருந்துகிறது. வேறு எந்தப் பாதியோடும் பொருந்தாது.

எட்டாம் மாசப் பிள்ளைத்தாச்சி ஒவ்வொருத்திக்கும் ஒரு பாதி. மறுபாதி என்னிடம். ராத்திரி வருகிறவன் கதவிடுக்கில் நீட்டினால் போதும், விளக்கு வேண்டாம், சாட்சி வேண்டாம். தெருக்காரர்களும் ஓலை வைத்திருப்பவனைத் தொடக் கூடாது.

மந்திரித்த ஓலையை இப்படி வெட்டலாமா? கோயில் சாமியாரைக் கேட்டால் கூடாது என்பார். அதனால் கேட்கவில்லை.

பிப்ரவரி 24, வியாழன்

ராசாங்கம் அண்ணனுக்குக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நானே வூடு வூடாச் சொல்லிடறேன்” என்றார். சொன்னார்.

மார்ச் 19, ஞாயிறு

முதல் ஓலை வந்தது! ராத்திரி பதினொன்று. பெண் குழந்தை, ஏழு ராத்தல் இருக்கும்.

ஜூலை 6, வியாழன்

இதுவரை பதினான்கு. ஊரில் இப்போது இதற்கு ‘மேரியம்மா ஓலை’ என்று பேர். மாமியார்கள் அரிசிப் பானையில் வைத்துக் காக்கிறார்களாம். ஏலாக்குறிச்சிக்குப் போனபோது அம்மா வீட்டு ஓலைகளையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 29, ஞாயிறு

தனத்துக்கு எட்டாம் மாசம் என்று கேள்விப்பட்டு மூன்று நாள் தள்ளிப்போட்டேன். இன்று கல்லங்குறிச்சிக்குப் போனேன்.

தனம் உட்காரச் சொன்னாள். வயிற்றைப் பார்த்தேன், தலை கீழேதான் இருக்கிறது. ஓலையை நீட்டினேன். அவள் கண்ணையனைப் பார்த்தாள். அவன் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான், திரும்பவில்லை.

“வச்சிட்டுப் போங்கம்மா” என்றாள்.

மாடத்தில் வைத்துவிட்டு வந்தேன். கூப்பிடுவார்களா? கூப்பிடாவிட்டால் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை? கூப்பிட வேண்டும் மாதாவே. கூப்பிடட்டும்.

டிசம்பர் 14, வியாழன்

கல்லங்குறிச்சியிலிருந்து தகவல் இல்லை. பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறேன்.

டிசம்பர் 18, திங்கள்

நேற்று ராத்திரி ஒரு மணி. “அம்மா” என்று ஒரே ஒரு தரம்தான் கேட்டது. அடுத்த தரம் கூப்பிடுவதற்குள் கதவைத் திறந்துவிட்டேன்.

விளக்கில்லாமல் நின்றான். தலையில் பனி. ஓலையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். ராசாங்கம் அண்ணன் சத்தம் கேட்டுத் தம் அரிக்கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பை என் தோளில். படி இறங்கி நடக்க ஆரம்பித்தேன்.

“ஓலையப் பாக்கலீங்களாம்மா?” என்றான் கண்ணையன்.

“வேண்டாம். உன் குரல் எனக்குத் தெரியும்.”

அன்று கட்டிவைத்த எதிர்க் கம்பத்தருகில் மட்டும் அவன் ஒதுங்கி, தெருவின் மறுபக்கமாகவே நடந்தான். நானும் அந்தப் பக்கமாகவே நடந்தேன்.

நாலு மணிக்குக் குழந்தை பிறந்தது. ஆண். முதுகில் தட்டுவதற்கு முன்னாலேயே கத்தினான். கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணையன் கேட்டான், “தலைதானேம்மா மொதல்ல வந்துச்சு?”

“தலைதான்” என்றேன்.