ஒரு சுற்றுக்கு மேல்

12 பிப்ரவரி 1961, ஞாயிறு. மண்டபம்

பூசை முடிந்து நேராகத் துறைக்குப் போனேன். எங்கள் லாஞ்சு, அய்யா காலத்து மோட்டார் படகு, தகர டப்பாவில் கல்லைப் போட்டு உலுக்குவது போல் கடகடக்கிறது. மெக்கானிக் சதக்கத்துல்லா, வால்வைத் தட்டித் திறக்கிற ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு போஸ்ட் கார்டு நுழைகிற அளவு இடைவெளி விட்டிருக்கிறார். இந்தக் கரையில் எல்லா எஞ்சினுக்கும் அதுதான் வழக்கம்.

"லேசாச் சத்தம் இருக்கணும் டீச்சரம்மா. சத்தம் போடாத டேப்பட்டு வால்வைத் தின்னுரும்."

பழைய எஞ்சின்களுக்கு அது சரி. தம்பி வேதமுத்து போன வருடம் பொருத்திய இந்த அமெரிக்க எஞ்சினில் இருப்பவை வேறு வகை டேப்பட்டுகள், ஹைட்ராலிக் லிஃப்டர்கள். உள்ளே எண்ணெய் நிரம்பியிருக்கும். இடைவெளியே கூடாது, கொஞ்சம் அழுத்தம்தான் வேண்டும்.

மாலையில் நானும் தம்பியுமே சரிசெய்தோம். ஆங்கிலக் கையேட்டை நான் தமிழில் சொல்லச் சொல்ல, அவன் ஸ்பேனரைப் பிடித்தான். வால்வு மூடியிருக்கையில், ராக்கர் நட்டை முடுக்கிக்கொண்டே, ராக்கரைத் தள்ளுகிற புஷ் ராடை விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். உருளாமல் இறுகுகிற இடம் பூஜ்யம். அதற்கு மேல் ஒரு முழுச் சுற்று. அவ்வளவுதான்.

"இன்னும் முடுக்குனா என்னக்கா ஆகும்?"

"வால்வு மூடாது. எஞ்சின் பிடிக்காது."

"சத்தம் வருமா?"

"ஒரு சத்தமும் வராது."

தலையாட்டினான். எஞ்சின் முனகாமல் ஓடியது. கரி படிந்த கையோடு இருவரும் சிரித்தோம். அவன் இவ்வளவு கவனமாக நான் சொல்வதைக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

19 பிப்ரவரி

துறையில் சொந்த லாஞ்சு ஓட்டும் வாவு முகம்மது எங்கள் லாஞ்சை விலைக்குக் கேட்கிறாராம். விற்றுவிடலாம் என்று தம்பி மறுபடி அதே பேச்சு. "நீ ராமநாதபுரத்துல பாடம் நடத்துற. அய்யா நேர்ந்துட்டுப் போயிட்டாரு. இங்கன கெடந்து சாகுறது நான்."

புயலில் பிழைத்து வந்த வருடம் அய்யா நேர்ந்துகொண்டது: கச்சத்தீவு அந்தோணியார் திருநாளுக்கு, இல்லாதவர்களை நம் லாஞ்சில் சும்மா கூட்டிப்போவது. எனக்கு நேர்ச்சையில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அய்யா கண்ணை மூடுமுன் கேட்டார், சரி என்றேன். அப்பா சொத்து, இருவருக்கும் பொதுவான லாஞ்சு. என் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது.

"முடியாது" என்றேன்.

"லாஞ்சு ஓடுற வரைக்கும்தானே நேர்ச்சை?" என்றான்.

26 பிப்ரவரி

ஊருக்குப் போகவில்லை. பரீட்சைத் தாள்கள்.

4 மார்ச், சனி

அடுத்த சனிக்கிழமை கச்சத்தீவு. எஞ்சின் பிடிக்கவில்லை. சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. துறையில் ஜனங்கள் யார் யாருக்கு இடம் என்று பேசிக்கொள்கிறார்கள்.

"செத்துப்போச்சுக்கா. நான் இல்லாதப்ப சதக்கத்துல்லா கை வச்சிருப்பான். இனி இரும்பு விலைதான். வாவு முகம்மதுகிட்ட தள்ளிவிட்டுருவோம்."

பட்டறைக்குப் போய், ஆட்கள் பார்க்க, சதக்கத்துல்லாவிடம் கடுமையாகப் பேசிவிட்டேன். அவர் பழந்துணியில் கையைத் துடைத்தார்.

"நான் கை வச்சா ஊருக்கே கேக்குமே டீச்சரம்மா! சத்தமில்லாமக் கெடுக்க எனக்கு எங்க தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. சத்தமில்லாமல் கெடுக்க — வேறு யாருக்குத் தெரியும்?

இல்லை. பார்க்காமல் முடிவு கட்டக்கூடாது.

5 மார்ச், ஞாயிறு

பார்த்துவிட்டேன்.

பூசைக்குப் போகவில்லை. தனியாக மூடியைக் கழற்றினேன். முதல் நட்டைத் தளர்த்திக்கொண்டே ராடை உருட்டினேன். ஒரு சுற்று — உருளவில்லை. இரண்டு — இல்லை. மூன்றாவதில்தான் உருண்டது. அடுத்ததும் மூன்று. அதற்கடுத்ததும். பன்னிரண்டு வால்வும்.

பன்னிரண்டு தாளில் ஒரே தப்பான விடை இருந்தால் அது தற்செயல் இல்லை என்று எனக்குத் தெரியாதா?

நான்தானே சொல்லிக்கொடுத்தேன். அதுவும் தமிழில், நிறுத்தி நிறுத்தி. எதையும் சோதிக்காமல் நம்பமாட்டேன் என்று பீற்றிக்கொள்கிற நான்! ஏன்டா இப்படிச் செஞ்ச? வேணாம்னு நேரா என் மூஞ்சியப் பாத்துச் சண்டை போட்டிருக்கலாமேடா. அந்த மனுசனை வேற திருடனாக்கிட்டியே...

பன்னிரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து ஒரு சுற்றில் நிறுத்தினேன். சுவிட்சை அழுத்தியதும் பிடித்தது.

சத்தம் கேட்டுத் தம்பி ஓடிவந்தான். "என்னக்கா செஞ்ச?"

"நட்டைத் தளர்த்தினேன்."

எந்த நட்டு என்று அவன் கேட்கவில்லை. கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்துத் துடைத்து வைத்தான். பிறகு, "சாப்பிட்டியாக்கா?" என்றான்.

6 மார்ச்

பட்டறையில், அதே ஆட்கள் இருக்கையில், சதக்கத்துல்லாவிடம் மன்னிப்புக் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார். தம்பி பெயரை மட்டும் எடுக்கவில்லை.

12 மார்ச்

கச்சத்தீவு போய்த் திரும்பினோம். தம்பிதான் சுக்கான் பிடித்தான். நான் எஞ்சின் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன், போகும்போதும் வரும்போதும். எல்லோரும் பாடிக்கொண்டு வந்தார்கள்.

19 மார்ச், ஞாயிறு

வேதமுத்து வாவு முகம்மதுவின் லாஞ்சுக்கு ஓட்டப் போய்விட்டான். சொல்லிக்கொள்ளவில்லை, அவன் பெண்டாட்டி வந்து சொன்னாள்.

எஞ்சின் பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கினேன். இரண்டு சாவி. ஒன்றைச் சதக்கத்துல்லாவிடம் கொடுத்து, பூஜ்யத்தையும் ஒரு சுற்றையும் காட்டினேன். எஞ்சின் மேல் காதை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"சத்தமே இல்லையே டீச்சரம்மா. எதை வச்சு நம்புறது?"

வாராவாரம் திறந்து பார்ப்போம் என்றேன்.