ஜும்ஆவுக்குப் போக வேண்டிய வாரம்

ஆகஸ்ட் 4, திங்கள்

கச்சான் காற்று. முற்றமெல்லாம் புழுதி. ஆப்பரேசன் முடிந்து பத்தாவது வாரம். புரொஸ்டேட் போய்விட்டது, நோயும் போய்விட்டது, அல்ஹம்துலில்லாஹ். மூத்திரச் சொட்டு மட்டும் போகவில்லை. இருமினால், தும்மினால், கதிரையை விட்டு எழும்பினால். நேற்று பேட் 4. முப்பது வருடம் குளத்து மதகு பார்த்த உத்தியோகத்தன் நான். சிரிப்புத்தான்.

பத்து வெள்ளி ஜும்ஆத் தொழுகை தப்பிவிட்டது. பள்ளிவாசல் கம்பளத்தை நனைத்துவிட்டால்? அந்தப் பயம் ஒன்றுதான். இந்த வெள்ளி எப்படியும் போவதென்று நிய்யத்து.

அதற்கு ஒரு வழி கண்டேன். திங்களும் வியாழனும் சுன்னத்து நோன்பு, கட்டாயமில்லை, பிடித்தால் நன்மை. வாயில் தண்ணீர் போகாவிட்டால் கீழே எங்கிருந்து வரும்? மனைவி பௌசியாவுக்குப் பெரிய சந்தோசம். பக்கத்து வீட்டு மைனிக்கு வேலிக்கு மேலால் சொல்கிறாள்: "ஆப்பரேசன் செஞ்ச ஒடம்போட எங்கட அவர் நோன்பு புடிக்கார், பாருங்க." உண்மைக் காரணத்தை அவளுக்குச் சொல்லவில்லை நான்.

பின்னேரத்து அஸர் தொழுகை வரை ஒரே பேட். வெற்றி! மஃரிபுக்கு நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம், தண்ணீர் நான்கு கிளாஸ், கஞ்சி, இஞ்சி போட்ட பிளேன்டீ. கடைசி மிடறோடு ஒரு தும்மல். உடுத்திருந்த சாரன், கதிரை மெத்தை, எல்லாம் போயிற்று.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கொளுத்தும் வெயில். பிசியோதெரபி. சொல்லித்தருவது பாண்டிருப்பு ஊர்ப் பிள்ளை, என் இளைய மகளின் வயதிருக்கும். முதல் நாள் வெட்கத்தில் சுவரோடு கதைத்தேன். இப்போது பரவாயில்லை. நோன்புக் கதையைச் சொன்னேன். பேனையைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஐயா, நோன்பு உங்கட விருப்பம். ஆனா நனையாம இரிக்கிறதுக்காகத் தண்ணியக் குறைக்கப்படாது. மூத்திரம் கடுத்தா மூத்திரப்பை இன்னும் துடிக்கும். பிறகு ஒரேயடியாக் குடிச்சா நிக்குமா?"

போன முறை தந்த, மூத்திரம் அடக்கும் பயிற்சியைச் செய்து காட்டச் சொன்னாள். மூச்சை அடக்கி, குண்டியை இறுக்கி, பல்லைக் கடித்துச் செய்தேன்.

"முகத்த ஏன் இறுக்குறீங்க? காத்துப் போகாம அடக்குவீங்கதானே, அது மட்டும். மூச்ச விட்டுக்கொண்டு."

அட, அதுவா! காற்றுப் பிரிந்தால் தொழுகைக்குக் கழுவிய ஒளு முறியும்; அது முறியாமல் எத்தனை நீண்ட குத்பாப் பிரசங்கங்களை இருந்து முடித்தவன் நான். அடுத்த முறை சரி என்றாள்.

எழுதித் தந்தது: பத்துத் தரம் இறுக்கி விடுவது, ஒரு நாளைக்கு மூன்று நேரம். படுத்து, இருந்து, நின்று. எழும்ப முன், தும்ம முன் இறுக்கிவிட வேண்டும். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க. டீ இரண்டு (ஐந்திலிருந்து! அநியாயம்). சும்மா சும்மா பாத்ரூம் ஓடக்கூடாது. மாதக்கணக்கில் செய்தால்தான் பலன் தெரியுமாம்.

வரும் வழியில் மருந்துக்கடை. பேட் கேட்டேன். "உம்மாவுக்கா?" என்றான் கடைப் பையன். ஓம் என்றேன். உம்மா மௌத்தாகி இருபது வருடம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பேட் 3. காலையில் பிளேன்டீ கேட்டேன். "இண்டைக்கு நோன்பில்லயா?" என்றாள் பௌசியா. சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அல்லாஹ்வையும் ஏமாத்தப் பாத்தீங்களா?"

பிறகு பக்கத்தில் வந்து இருந்தாள். "பள்ளிக்குப் போகாத்துக்கு இதா காரணம்? பத்துக் கெழமையா மனசுக்குள்ள வெச்சிக்கிட்டா இரிந்தீங்க?" 

அவளுடைய தம்பி மௌலவி. போன் எடுத்து, "எங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு" என்று மார்க்கச் சட்டம் கேட்டாள். தொழுகை நேரம், வக்து, வந்த பிறகு துப்புரவாக்கி, புது பேட் வைத்து, ஒளு எடுத்துத் தொழப் போகலாம். அதன் பிறகு சொட்டினாலும் தொழுகை கூடும், முறியாது. ஐந்து வேளை பர்ளுத் தொழுகை ஒவ்வொன்றுக்கும் இப்படிப் புதிதாக. எல்லாம் விளக்கிவிட்டு, "மச்சானப் பயப்படாம வரச் செல்லுங்க" என்றானாம். தெரிந்த ஒருத்தராம்!

ஆகஸ்ட் 8, வெள்ளி

காற்று ஓய்ந்துவிட்டது. புது பேட், இறுக்கமான உள்களிசான், மேலே சாரன். தொழுகைக்குப் பாங்கு கேட்ட பிறகே ஒளு எடுத்துப் போனதால் பிந்திவிட்டது. கதவோரம், கடைசி வரிசை. நான் எப்போதும் முதல் ஸஃப்பு ஆள். திரும்பி நின்று, "முன்னுக்கு வாங்க, என்னத்துக்கு அங்க ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்க" என்று கதவோரக்காரர்களுக்குச் சத்தம் போடுவதும் நானே. என்னிலும் மூத்த சுலைமான் காக்காவுக்குத்தான் கூடுதலாக ஏச்சு விழும். இன்றைக்கு இடம் கிடைத்தது அவர் பக்கத்தில்.

நெற்றியை நிலத்தில் வைத்த சுஜூதிலிருந்து எழும்ப முன் இறுக்கினேன். நின்றது! இரண்டாவது ரக்அத்தில் மறந்துபோய்க் கொஞ்சம் சொட்டியது. கம்பளம் காய்ந்தபடியே. சலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன்.

எழும்பும்போது கை தானாகப் போய்ச் சாரனைப் பின்பக்கம் தடவிப் பார்த்தது. காக்கா கண்டுவிட்டார். காதோடு கேட்டார்: "ஒங்களுக்கும் அதா தம்பி?"

ஓம் என்றேன்.

"எனக்கு ஆறு வரிசம். கதவு கிட்ட நிண்டா கெதியா வெளிய போகலாம்."

எத்தனை வெள்ளி அவரை ஏசியிருப்பேன். மன்னிப்புக் கேட்டேன். "அத உடுங்க" என்றார். பயிற்சியைச் சொன்னேன்.

"இப்பிடி ஒண்டு இரிக்கெண்டு ஒருத்தரும் செல்லல்லியே. டொக்டர்ட்டக் கேக்கவும் வெக்கம். எழுதித் தாங்க."

"தாறன் காக்கா. ஆனா எனக்குச் சொல்லித்தந்த பிசியோப் புள்ளையிட்டயும் ஒருக்காக் காட்டுங்க."

தலையாட்டினார். பிறகு அந்தக் கடைசி ஸஃப்பை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரு பார்வை பார்த்தார்.

"ஒண்டு போதாது தம்பி. நாலு எழுதுங்க."

மூன்றாவது தாளை எழுதுகிறேன். கை கடுக்கிறது.