ரைட்டு என்ற சொல்

சித்திரபுரம்
24.1.1974

அன்புள்ள அப்பாவுக்கு,

அழகுமலை வணங்கி எழுதுகிறேன். உங்கள் இருமல் குறைந்ததா? அம்மாவும் மாடுகளும் சுகந்தானே?

பொங்கலுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நான் கிளீனராக இருக்கும் எஸ்டேட் லாரி அதற்கு முந்தின வாரம் பள்ளத்தில் சரிந்துவிட்டது. பயப்படாதீர்கள், எனக்கு முழங்கையில் சிராய்ப்புதான்.

அன்று நல்ல மூடுபனி. லாரியைப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. எனக்குக் காய்ச்சல் என்று டிரைவர் மத்தியாஸ் அண்ணன் என்னைக் கீழே இறங்க விடவில்லை. புதிதாக வந்த சூப்பர்வைசர் பின்னால் நின்று, "ரைட்டு! ரைட்டு!" என்று கத்தினார். ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்கச் சொல்லியிருக்கிறார். எங்களுக்கு அது பஸ் கண்டக்டர் சொல்கிற ரைட்டு, போகலாம் என்று அர்த்தம்.

"ரைட்டாம்லே, கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்று அண்ணன் சிரித்துக்கொண்டே எடுத்தார். நான் வெளியே விழுந்தேன். அவர் லாரியோடு போய்விட்டார்.

கையைப் பார்த்த டாக்டர், "ரைட்டு, நீ போகலாம்" என்றார். டீக்கடைக்காரர், "சூடு ரைட்டா இருக்கா?" என்றார். எல்லாமே அண்ணன் குரலில்தான் கேட்கிறது. பனி இறங்கினால் ஆளில்லாத ரோட்டிலும் கேட்கிறது.

ஊருக்கு வரத்தான் பஸ் ஏறினேன். கண்டக்டர் "ரைட்டு" என்றதும் குதித்துவிட்டேன். மறுநாளும் அப்படியே ஆயிற்று.

இங்கே குளிர் அதிகம், ஒரு கம்பளி வேண்டும். தபாலில் அனுப்பாமல் நீங்களே கொண்டு வாருங்கள் அப்பா. திரும்பும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தபால்காரர் காத்திருக்கிறார், முடிக்கிறேன்.

உங்கள் மகன்
அழகுமலை