மீனம்மாவுக்கு நான் வைத்த பேர்

மார்ச் 4, செவ்வாய்
இன்று டயகம தோட்டத்தில், எனக்குக் கரட் விற்கிற கஜேந்திரனும் விஜிதரனும் என் லொறிக்கு முன்னாலேயே ஒருத்தன் சட்டையை ஒருத்தன் பிடித்துக்கொண்டார்கள். வரிசை வீட்டு லயத்துக்காரர்களிடம் கரட் கிழங்கு வாங்கும்போது ஆளுக்கொரு விலையைக் காதோடு சொல்லி, "உனக்கு மட்டுந்தான், வெளியில சொல்லாத" என்பது என் வழக்கம். பீலியில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில், எனக்குக் கரட் விற்கிற இன்னொருத்தி மீனம்மா எல்லார் விலையையும் விசாரித்துப் போட்டு உடைத்துவிட்டாள். கிலோவுக்குக் கஜேந்திரனுக்கு 180 ரூபாய், விஜிதரனுக்கு 150.
"என் கரட்டு மட்டம்னு மொதலாளிகிட்ட ஓதுனது நீதானடா!" என்று கஜேந்திரன் மேல் பாய்ந்தான் விஜிதரன்.
எனக்கு வந்த ஆத்திரத்தில் மீனம்மாவைக் காட்டி எல்லார் முன்னாலும் கத்தினேன்: "இவ சிண்டு முடியிறவ! இவ சரக்கு எனக்கு வேணாம்!"

மார்ச் 11
யாருக்கும் யாரோடும் பேச்சில்லை. எல்லாரிடமும் 150க்கே வாங்கினேன். நல்ல நாள்.

மார்ச் 16, ஞாயிறு
மீனம்மா மகள் சுலக்ஷனாவுக்கு டிக்கோயாவில் பேசி முடித்த சம்பந்தம் நின்றுவிட்டதாம். மாப்பிள்ளையின் அப்பா விசாரித்த இடத்தில், "தாய்க்காரி சிண்டு முடியிறவ" என்றார்களாம்.
"யாரு சொன்னா?" என்றேன்.
"ஊரே சொல்லுது. ஊருக்கு நீங்க சொன்னீங்க," என்றாள் என் மனைவி வினோதா.


மார்ச் 17
எத்தனை பேரை அப்படி ஏசியிருக்கிறேன், ஒருநாளும் யோசித்ததில்லை. சிண்டு முடிவதென்றால், பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டு பேரின் குடுமியைத் தெரியாமல் சேர்த்து முடிந்துவிடுவது. ஒருத்தன் திரும்பினால் மற்றவனுக்கு வலிக்கும், அடித்துக்கொள்வார்கள். முடிந்தவன் தள்ளி நின்று பார்ப்பான்.
உள்ளதை உள்ளபடி சொன்னவளுக்கு அந்தப் பேர் எப்படிப் பொருந்தும்? அவ முடிச்ச அவுக்கத்தானே பார்த்தா? காதுல காதுல ஊதி, ரெண்டு பேரையும் மோதவிட்டு, 150க்கு அள்ளிக்கிட்டுப் போனது யாரு— நான்தானே?

மார்ச் 20
டிக்கோயா போனேன். மாப்பிள்ளையின் அப்பாவிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.
"அப்ப கோளாறு ஒங்ககிட்டதான்?"
"ஆமாங்க."
"இங்க வந்து மெதுவா சொன்னா பத்தாதுங்க. ஏசுன எடத்துல, ஏசுன மாதிரியே சத்தமா சொல்லுங்க. நான் வந்து கேக்குறேன்."

மார்ச் 25, செவ்வாய்
டயகமவில் லொறி மேல் ஏறி நின்று, சிண்டு முடிந்தது மீனம்மா இல்லை, நான்தான் என்று சத்தமாகச் சொன்னேன்.  விஜிதரன் காறித் துப்பினான். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து டிக்கோயாக்காரர், "சம்பந்தியம்மா, குடிக்க ஏதும் கெடைக்குமா?" என்றார். மீனம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போகிற போக்கில் என் பக்கம் திரும்பினாள்.
"மன்னிப்ப வச்சு நாங்க கறி ஆக்க ஏலாது மொதலாளி. வெலைய சொல்லுங்க. சத்தமா!"
பேசி முடித்தது: எல்லாருக்கும் ஒரே விலை. அதை லொறிக் கதவில் சோக்குக்கட்டியால் எழுதிய பிறகுதான் மூட்டை ஏறும். கரட் கிலோ 190.