கைக்கு அகப்படாத பொத்தான்

இலோயிலோ,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் லிகாயாவுக்கு, அப்பா எழுதுவது. எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, தைவான் குளிரில் உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுது. இங்கே மழை விட்டபாடில்லை. நீ அனுப்பிய துணி துவைக்கும் மெஷின் அருமையாக ஓடுகிறது என்று போனில் சொன்னேனே, அது பொய். உன் மனம் நோகக் கூடாது என்று சொன்னேன், இனி அடக்க முடியவில்லை.

பழைய மெஷினில் திருகு இருந்தது. மூன்று சொடுக்கு திருப்பினால் துண்டு, ஐந்து திருப்பினால் போர்வை. கண் தெரியாத உன் அம்மா பதினாறு வருடம் அதை எண்ணித்தான் மசாஜ் துண்டுகளைத் துவைத்தாள், ஒருவரையும் உதவிக்குக் கூப்பிட்டதில்லை. இதில் மேடு பள்ளமே கிடையாது, வெறும் வழவழக் கண்ணாடி. பொத்தான் எங்கே என்று தடவினால் தடவியதையே அழுத்தியதாக எடுத்துக்கொள்கிறது, எதைத் தொட்டாலும் ஒரே பீப். சரியான இடத்தில் அரிசி மணி ஒட்டிக் கொடுத்தேன், அதைத் தேடிப் போகிற வழியிலேயே விரல் வேறு நாலை முடுக்கிவிடுகிறது. போன செவ்வாய் நான் வாடகை டிரைசிக்கிளில் சவாரி ஏற்றப் போயிருந்தபோது அப்படித்தான் ஆனது, கொதிநீரில் மூன்று மணி நேரம் ஓட ஆரம்பித்துக் கதவும் பூட்டிக்கொண்டது, துண்டெல்லாம் உள்ளே. மசாஜுக்கு மூன்று பேர் காத்திருந்தார்கள். மீன்கடை மிலாக்ரோஸ், "என்னக்கா, மொதல்ல மெஷினுக்குப் புடிச்சு விடணும் போல" என்று சொல்லிவிட்டுச் சந்தைப் பக்கத்து மசாஜ் கடைக்குப் போய்விட்டாள், மற்ற இருவரும் அவள் பின்னால். இரண்டு வாரத்தில் இப்படி எத்தனை பேர்.

ரிப்பேர் ஆபீசுக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். அங்கிருந்தவர் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் என்னிடம், போனில் செயலி இறக்கி ஓட்டுங்கள், இல்லையென்றால் கண் தெரிந்தவர் யாராவது போட்டுக் கொடுக்கட்டும் என்றார். அம்மா சொன்னாள்: "ஊர்ல பாதிப் பேரு முதுக என் கையில குடுத்துட்டுத் தூங்குறாங்க சார். ஒரு துண்டு துவைக்க நான் ஆள் வெச்சுக்கணுமா?" அவர் அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். அங்கே தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு நானூறு மெஷினுக்கு இந்தக் கண்ணாடியைப் பொருத்துகிறேன் என்கிறாயே, ஒன்றையாவது தொடும்போது அம்மா ஞாபகம் வரவில்லையா? நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவதைக் கேட்டு அம்மா திட்டுகிறாள், பொருத்துகிறவள் பேச்சை எந்த முதலாளி கேட்டான், பிள்ளையை ஏன் குத்துகிறாய் என்று. சரி, விட்டேன். இந்த மெஷினை வரைந்தவன் தன் ஜட்டியைக்கூடத் தானே துவைத்திருக்க மாட்டான் என்று மட்டும் எழுதிவிடுகிறேன்.

நேற்று அம்மா என்னோடு பழைய சாமான் கடைக்கு வந்து, வரிசையாக நின்ற மெஷின்களின் திருகையெல்லாம் திருப்பிப் பார்த்து ஒன்றைப் பிடித்தாள். உன்னுடையதைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டோம். கடைக்காரர் இரண்டு தரம் கேட்டார், நிஜமாகத்தானா என்று. இன்று காலை நான் எழுந்தபோது துவைத்து முடித்திருந்தாள்.

ஆண்டவர் உன்னைக் காப்பார், நேரத்துக்குச் சாப்பிடு. கிறிஸ்துமஸுக்கு வரும்போது அம்மாவுக்கு ஒன்றும் வாங்காதே. வாங்கியே தீருவேன் என்றால், கடையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓட்டிப் பார். கடைக்காரன் சிரித்தால் சிரிக்கட்டும்.

உன் அப்பா,
தியோதுலோ