நல்ல தண்ணி

மார்ச் 3, செவ்வாய்

ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் ஓட வைக்கும் மகாபுருஷனாகிய நான், அண்ணன் வீட்டுக்கு மூன்று மாடி ஏறிப் போனேன். அந்தக் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது. மேலே போய்ச் சேர்ந்தபோது முழங்கால்கள் இரண்டும் தனித்தனியே ராஜினாமா கொடுத்தன.

அண்ணன் வழக்கம்போல மீன் தொட்டிக்கு முன்னால். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை, யாரோ மறந்துவிட்டுப் போன சாமான் மாதிரி மடியில் கிடக்கிறது. பேச்சும் போயிற்று. "ம்" உண்டு, "ம்ஹும்" உண்டு. எப்போதாவது ஒரு சொல் தப்பித்து வரும். முன்பெல்லாம் இவர் பேச ஆரம்பித்தால் சுவர்க்கடிகாரம் கொட்டாவி விடும்.

தொட்டியைப் பார்க்கச் சகிக்கவில்லை. உப்புத் தண்ணீர் கலந்து, பவளம் வைத்து, ஆரஞ்சு மீன் ஜோடி விட்டு, அண்ணன் குழந்தை மாதிரி வளர்த்த கடல் அது. இப்போது கண்ணாடிக்குத் தாடி, கல்லுக்குத் தாடி, பவளத்துக்கு மீசை. எல்லாம் பச்சைப் பாசி. காரணம் எங்கள் பாசம்தான். காலையில் அண்ணி தீனி போடுகிறார், மதியம் அண்ணன் மகள் போடுகிறாள், போகிற நாளெல்லாம் நானும் போடுகிறேன். மிச்சம் அழுகி, பாசிக்குக் கல்யாண விருந்து.

"தொட்டியும் போச்சுன்னா இவரு எதத்தான் பாப்பாரு?" என்றார் அண்ணி.

"நான் இருக்கேனே அண்ணி. என்னைப் பாக்கட்டும்."

"அதுக்கு அந்தப் பாசியே தேவல."

சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். முந்தானை கண்ணுக்குப் போனது. பார்க்காத மாதிரி இருந்தேன்.

மார்ச் 5, வியாழன்

தேய்த்தேன். தேய்த்ததில் பாதி மறுபடி முளைத்துவிட்டது. மீதி என் நகக்கண்ணில்.

மார்ச் 6, வெள்ளி

மீன் கடைக்காரர் ஒரு வைத்தியம் சொன்னார்: பாசிக்குப் பாசி. பச்சை நூல்கண்டைப் பூனை பிராண்டிப் போட்ட மாதிரி ஒரு உருண்டை.

"கெட்ட பாசி திங்கிறத இது முந்திக்கிட்டுத் தின்னுடும் சார். அது பட்டினியில போயிடும். ஆனா நேரா போட்டுடாதீங்க. பாத்துப் போடுங்க."

"பாத்துன்னா?"

"பாத்துதான் சார்." அதற்குள் அவருக்கு போன் வந்துவிட்டது. வாசலில் நின்று உருண்டையை நன்றாகப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் புலப்படவில்லை. அதுவும் என்னைப் பார்த்த மாதிரிதான் இருந்தது.

மார்ச் 7, சனி

பையைத் தூக்கிக்கொண்டு, ஏழு கடல் கடந்து சஞ்சீவி கொண்டுவந்தவன் தோரணையில் உள்ளே போனேன். பையைப் பிரித்துத் தொட்டி மேல் கொண்டுபோனதும் அண்ணன் இடது கையால் நாற்காலியை ஓங்கித் தட்டினார்.

"நல்ல... த... நல்ல தண்ணி!"

இத்தனை நாளில் இரண்டு சொல் சேர்ந்து வந்தது இதுதான் முதல் தடவை. வீடே ஓடியது. அண்ணி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். ம்ஹும். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெந்நீர். ம்ஹும். "நல்ல தண்ணின்னா கேன் தண்ணியாம்மா இருக்கும்" என்று மகள் அதைக் கொண்டுவந்தாள். அதைத் தட்டியே விட்டார். சட்டையெல்லாம் நனைந்தது. அண்ணி தரையைத் துடைத்தபடியே, "தாகம்னு கேக்குறாரு, குடுத்தா வேணாங்கிறாரு. நான் என்னதான் பண்றது?" என்றார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் பாசியைக் கையில் ஏந்திக்கொண்டு கம்பம் மாதிரி நின்றேன். ஒன்றும் தோன்றாமல், வாளியில் கொஞ்சம் உப்புத் தண்ணீர் மொண்டு அதில் போட்டு மூடினேன். அப்போதுதான் அண்ணன் கை ஓய்ந்தது.

மார்ச் 8, ஞாயிறு

போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொன்னேன். சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

வாளியை நான் தொட்டாலே "நல்ல தண்ணி." வாளிக்குள் பேசும் பொம்மை வைத்த மாதிரி. எனக்கோ காலையிலிருந்து லிஃப்ட் குழிக்குள் கிரீஸில் குளித்த அலுப்பு. என்ன பிசாசு பிடித்ததோ, டம்ளரை எடுத்து அவர் முன்னாலேயே மடமடவென்று குடித்துக் காட்டினேன். "இந்தா, நானே குடிச்சிட்டேன். போதுமா? இன்னும் என்னதாண்ணே வேணும் உனக்கு?"

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குவதற்காக மூடியது இல்லை.

சீ. என்ன மனுஷன் நான்? வாய் பேச முடியாதவரிடம் போய்... எழுதவே கை கூசுகிறது.

மார்ச் 12, வியாழன்

லிஃப்ட் வேலை முடித்து, கை கழுவ ஒரு குழாயைத் திறந்தேன். மாடிவீட்டு அம்மா எட்டிப் பார்த்துக் கத்தினார்: "அதுல சோப்பு நுரைக்காதுங்க, அது உப்புத் தண்ணி. நல்ல தண்ணி இந்தப் பக்கக் குழாய்ல!"

கையில் கிரீஸோடு அப்படியே நின்றுவிட்டேன்.

நல்ல தண்ணி! குடிக்கிற தண்ணி என்று யார் சொன்னது? உப்பில்லாத தண்ணி! அட மடையா, மடையர்களின் சக்கரவர்த்தியே! அவருக்குத் தாகமே இல்லை. அவர் பேசியது அவரைப் பற்றியே இல்லை. கை கால் போய் உட்கார்ந்திருப்பவர் வாய் திறந்தால் தண்ணீர், மாத்திரை, கழிவறை, இதைத்தான் கேட்பார் என்று நாங்களாகவே முடிவு கட்டிவிட்டோம். அந்த மனிதர் தொட்டியைப் பற்றிப் பேசியிருக்கிறார்!

அந்தம்மா, "என்னங்க ஆச்சு, ஷாக்கடிச்சிருச்சா?" என்றார். ஆமாம் என்றேன்.

மார்ச் 13, வெள்ளி

மூன்று மாடியும் எப்படி ஏறினேன் என்று தெரியாது. பறந்திருக்கலாம்.

"அண்ணே, பாசியை நல்ல தண்ணியில முக்கணும். அதானே?"

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு "ம்" என்றார். அந்த "ம்"-இல் ஒரு வண்டி வசவு இருந்தது.

மகள் போனில் தேடிப் பார்த்துத் துள்ளினாள். "கரெக்ட் சித்தப்பா! கொஞ்ச நேரம் முக்கினா பாசிக்கு ஒண்ணும் ஆகாது. உள்ள ஒளிஞ்சிருக்கிறதுதான் தாங்க முடியாம வெளிய வருமாம். குழாய்த் தண்ணில மருந்து கலந்திருக்கும், கேன் தண்ணி எடுங்க." அதை இன்னொரு வாளியில் ஊற்றினோம். அண்ணன் இரண்டு வாளியிலும் இடது கை விரலை விட்டுச் சூடு ஒன்றுதானா என்று பார்த்தார். ம்ஹும். கொஞ்சம் வெந்நீர் கலந்தோம். ம்.

முக்கி, மெல்ல உதறினேன். நூல் மாதிரிப் புழுக்கள் விழுந்தன. இன்னொரு உதறலில், காலெல்லாம் மயிர் முளைத்த ஒரு நண்டு, வாடகை பாக்கிக்குத் துரத்தப்பட்டவன் போலக் கோபமாக வெளியே வந்தது. அண்ணி அலறிக்கொண்டு நாற்காலி மேல் ஏறினார். அது மட்டும் தொட்டிக்குள் போயிருந்தால் பவளமும் மீனும் ஒவ்வொன்றாக அதன் வயிற்றுக்குப் போயிருக்கும்.

"ந...ண்டு," என்றார் அண்ணன்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது. எங்களுக்கு அதுவே தாராளம்.

மார்ச் 20, வெள்ளி

பாசி இன்னும் தனி வாளியில்தான். உப்புத் தண்ணீர், மேலே ஒரு விளக்கு. பிடித்துத் தூக்கிக் காட்டுவேன். ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று அண்ணன் கண்ணை இடுக்கிப் பார்ப்பார். ம்ஹும். நாளைக்கு வா என்று அர்த்தம். முழங்கால்கள் சார்பில் மேல்முறையீடு செய்தேன். தள்ளுபடி.

நண்டு என் அறையில் ஒரு உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் குடியிருக்கிறது. கொல்ல அண்ணன் விடவில்லை. ராத்திரி சாப்பிடும்போது எதிரே ஒரு ஆள் இருப்பது பரவாயில்லை.

மார்ச் 29, ஞாயிறு

"ம்."

தொட்டிக்குக் கீழே அலமாரியில் வடிகட்டும் தொட்டி இருக்கிறது. பாசியை அங்கே போட்டோம். பம்பு இழுத்துக்கொள்ளாமல் இருக்க நடுவே ஒரு வலை. மேல் விளக்கு அணைந்ததும் கீழ் விளக்கு எரியும். ஒருவர் தூங்கினால் இன்னொருவர் விழித்திருப்பார். அண்ணி கண்ணயரும்போது நான் பார்த்துக்கொள்கிற மாதிரி.

ஏப்ரல் 26, ஞாயிறு

படி ஏறினேன், மூச்சு வாங்கினேன். புதிதாக ஒன்றுமில்லை. கண்ணாடித் தாடி பாதி கொட்டிவிட்டது. பவளம் மீசையை எடுத்துவிட்டு முகம் காட்டுகிறது. அண்ணி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். எழுப்பவில்லை.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன. பாவம் என்று ஒரு சிட்டிகை போட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று இன்னொரு சிட்டிகை.

பின்னாலிருந்து, தெளிவாக:

"போதும்டா."

அந்த "டா"வைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. டப்பாவை மூடி வைத்தேன்.